கோவில்பிள்ளை யோப்ஸ்டும் இரண்டு மார்ட்டின் திருநாளும்

வைலர்ப்ரூக்கில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. பள்ளிக்கூடம் இரண்டு, மருத்துவச்சி இரண்டு, கிறிஸ்துமஸ் இரண்டு. கோவில் மட்டும் ஒன்று. இன்னொன்று பெரிய சண்டைக் காலத்தில் எரிந்துபோயிற்று. யார் எரித்தது என்று கேட்டால் அதற்கும் இரண்டு பதில் வரும். ஆகவே கத்தோலிக்கரும், பாப்பரசரை விட்டு லுத்தர் வழியில் பிரிந்துபோன லுத்தரன்காரர்களும் மிஞ்சிய ஒரே கோவிலை நேரம் பிரித்துக்கொண்டு ஆண்டார்கள். அந்தக் கோவிலுக்கு ஒரே ஒரு கோவில்பிள்ளை. அவன் பெயர் யோப்ஸ்ட்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். விடியலில் கத்தோலிக்கச் சாமியாரின் பூசை. மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், தூபக்கலசத்தில் கரி போட வேண்டும், மணி அடிக்க வேண்டும். பூசை முடிந்து கடைசிக் கிழவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுவதற்குள் மெழுகுவர்த்திகளை அணைத்து ஒளிக்க வேண்டும். பீடத்தின் முன்னால் பெரிய திரையை இழுத்துவிட வேண்டும். அடுத்து வரும் லுத்தரன் போதகருக்குத் தூப வாசம் ஆகாது என்பதால் ஜன்னல்களை எல்லாம் திறந்து, தன் மேலங்கியைக் கழற்றி, புகையை ஆடு விரட்டுவதுபோல விரட்ட வேண்டும். பிறகு பிரசங்க மேடையில் மணல் கடிகாரத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்குள் லுத்தரன்காரர்கள் வாசலில் நின்று தும்ம ஆரம்பித்துவிடுவார்கள். தூபம் இல்லாத நாளிலும் தும்முவார்கள். அது ஒரு கொள்கை.

யோப்ஸ்ட் பிறப்பால் லுத்தரன். ஆனால் குறும்பு செய்வதில் அவனுக்குப் பாரபட்சம் கிடையாது. ஒரு வருஷம் போதகரின் மணல் கடிகாரத்தைத் திறந்து இரண்டு பிடி மணலை எடுத்துவிட்டான். ஹார்ட்லீப் போதகருக்குப் பிரசங்கத்தில் தான் நரகத்துக்கு வருவதற்கு முன்பே ஏன் எப்போதும் நேரம் முடிந்துவிடுகிறது என்று புரியவே இல்லை. சபையார் மட்டும் அந்த வருஷம் முழுக்க மிகுந்த பக்தியோடு இருந்தார்கள். இன்னொரு தடவை பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் கோழி ஒன்றை உட்கார வைத்தான். ரொட்டிக்காரரின் மாமியார் பாதிப் பாவத்தைக் கோழியிடம் சொல்லி முடித்த பிறகுதான் வூனிபால்ட் சாமியார் வந்து சேர்ந்தார். கோழி அவ்வப்போது கொடுத்த பதில்கள் தனக்கு ஆறுதலாக இருந்ததாக அந்த அம்மாள் பிற்பாடு சொன்னாள்.

இவ்வளவு துடுக்குக்காரனுக்கும் தலையைச் சுற்றவைத்த விஷயம் ஒன்று இருந்தது. அது காலண்டர்.

பாப்பரசர் ஒருவர் நாள்கணக்கைத் திருத்தினார். கத்தோலிக்கர் அந்தப் புதுக்கணக்கில் நடந்தார்கள். லுத்தரன்காரர்களோ, சூரியனே வந்து சாட்சி சொன்னாலும் பாப்பரசர் சொன்னதை ஏற்கமாட்டோம் என்று பழைய கணக்கிலேயே இருந்துவிட்டார்கள். புதுசு பத்து நாள் முன்னால் ஓடும், பழசு பின்னால் நடந்து வரும். கிழமை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமையைப் பிய்த்து எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆகவே கோவில்பிள்ளையானவன் ஒவ்வொரு திருநாளையும் இரண்டு தடவை மணி அடித்துக் கொண்டாடவேண்டும். ஒரு பக்கத்தில் இயேசு பிறந்து பால் குடித்துக்கொண்டிருப்பார், மறு பக்கத்தில் மாதா இன்னும் கழுதைமேல் வந்துகொண்டிருப்பாள். யோப்ஸ்ட் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். சாமியாரிடம் பேசும்போது சாமியாரின் நாள். போதகரிடம் பேசும்போது போதகரின் நாள். இவர் சொன்னதை அவரிடம் கொண்டுபோகும்போது நடுத்தெருவில், ஊர்க் கிணற்றடியில் ஒரு நிமிஷம் நின்று, பத்தைக் கழிக்கவேண்டுமா கூட்டவேண்டுமா என்று விரலை மடக்குவான். சந்தேகம் வந்தால் கிழமையைச் சொல்லித் தப்பித்துவிடுவான். அவன் கிணற்றடியில் நின்றால், ‘யோப்ஸ்ட் வேதம் மாறுறான்’ என்று தண்ணீர் எடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

அவன் கல்யாணம் செய்துகொண்டது கத்தோலிக்கப் பெண்ணை. ஒட்டீலியா. வண்ணார் துறையில் மற்றவர்கள் துணியைத் துவைப்பார்கள், இவள் தண்டிப்பாள். கலப்புக் கல்யாணத்துக்கு ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண் பிள்ளை அப்பாவின் வேதம், பெண் பிள்ளை அம்மாவின் வேதம். நல்ல வழக்கம்தான், சண்டை வராது. அவர்களுக்குப் பிறந்தது இரட்டைப் பிள்ளைகள். ஒன்று ஆண், ஒன்று பெண். கஸ்பர், அஃப்ரா. ஒரே தொட்டிலில் கிடந்தார்கள், காலையில் ஒன்றைச் சாமியாரிடமும் மறுநாள் இன்னொன்றைப் போதகரிடமும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓடித்திரியும் வயது வந்ததும் அஃப்ரா பூசை முடிந்து வெளியே வரும்போது கஸ்பர் ஆராதனைக்கு உள்ளே போவான். வாசல்படியில் இரண்டும் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொள்ளும். அதற்காகவே இரண்டும் கோவிலுக்குப் போனதுகள் என்று யோப்ஸ்டுக்குச் சந்தேகம்.

ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. காலையில் அஃப்ரா போனாள். விளக்கு வைக்கும் நேரத்தில் கஸ்பர் போனான்.

கோவிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அதுவும் இரண்டு. நடுவில் ஆள் உயரச் சுவர், இந்தப் பக்கம் கத்தோலிக்கர், அந்தப் பக்கம் லுத்தரன். குழி வெட்டுவதும் கோவில்பிள்ளையின் வேலைதான். யோப்ஸ்ட் தன் கையாலேயே வெட்டினான். சுவருக்கு இந்தப் பக்கம் சுவரை ஒட்டி ஒன்று, அந்தப் பக்கம் சுவரை ஒட்டி ஒன்று. இடையில் கல்லும் சுண்ணாம்பும் மட்டும். அதற்குமேல் அவனால் நெருக்கி வெட்ட முடியவில்லை.

பலகையில் பெயரெழுதி நட்டார்கள். அஃப்ராவின் பலகையில் செப்டம்பர் பதினான்கு. கஸ்பரின் பலகையில் செப்டம்பர் நான்கு. ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் போன பிள்ளைகள். வெளியூர்க்காரன் எவனாவது படித்தால், தம்பி முதலில் போனான், அக்காக்காரி பத்து நாள் தனியாகக் கிடந்து பிறகு போனாள் என்று நினைத்துக்கொள்வான்.

ஒட்டீலியா அழவில்லை. நடந்தாள். தினமும் துறையிலிருந்து வந்து அஃப்ராவிடம் கொஞ்ச நேரம். பிறகு எழுந்து, கத்தோலிக்க வாசல் வழியாக வெளியே வந்து, கோவிலைச் சுற்றி, சேற்றில் மிதித்து, லுத்தரன் வாசல் வழியாக உள்ளே போய் கஸ்பரிடம் கொஞ்ச நேரம். அப்புறம் திரும்பவும் ஒரு சுற்று, ஏனென்றால் அஃப்ராவுக்கு ஏதோ சொல்ல விட்டுப்போயிருக்கும்.

"ஏய்யா, இவகிட்ட இருந்தா அவன் என்ன பண்றானோன்னு இருக்கு. அவன்கிட்ட போனா இவ கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். "அந்த நாலு முழம் சுவரை மட்டும் எடுத்துட்டா என்ன? நடுவுல உக்காந்துக்குவேன்."

"சுவரு ரெண்டு பேருக்கும் பொதுப் புள்ள. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லாம ஒரு கல்லைத் தொடக்கூடாது."

"சொல்லவை. ஊரையே ஏமாத்துறியே, ரெண்டு ஆம்பளைங்களை ஒரு வார்த்தை சொல்லவைக்க முடியாதா?"

மூன்று வருஷம் முடியவில்லை. அந்த இரண்டு ஆம்பளைகளும் ஒருவரையொருவர் பார்த்தால் வானத்தில் பறவை பார்ப்பார்கள். எதிரெதிரே வந்துவிட்டால் ஊர் முழுக்கப் பறவை சாஸ்திரம்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஊரை ஆண்ட பிரபுவிடமிருந்து உத்தரவு வந்தது. சண்டை போட்டது போதும், இரண்டு சபைத் தலைவர்களும் உட்கார்ந்து பேசிச் சமாதானமாகப் போகவேண்டும், எந்த மணி எப்போது அடிப்பது, தூபம் எவ்வளவு போடுவது, சுவரை யார் பார்ப்பது என்று எல்லாவற்றையும் முடிவு செய்யவேண்டும் என்று அதில் இருந்தது. பிரபுவுக்கு அந்த வாரம் நல்ல தூக்கம் இல்லைபோல.

ஒட்டீலியா சாமியாரிடம் ஓடினாள். யோப்ஸ்ட் போதகரிடம் ஓடினான். ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு இடத்திலும் ஒரே பதில்.

"நாலு முழம்தானே, எடுத்துட்டுப் போங்க. அந்த மனுஷன் சரின்னா எனக்குச் சரி" என்றார் சாமியார்.

"எனக்கு ஆட்சேபம் இல்லப்பா. அவர் ஒத்துக்கிட்டா" என்றார் போதகர்.

யோப்ஸ்டுக்குத் தரையில் கால் பாவவில்லை. இனி இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். சாமியாரே வழி செய்தார். "மார்ட்டின் திருநாளுக்கு என் வீட்டுல வாத்து வறுக்கிறோம். அவரை வரச்சொல்லு. வயிறு நிறைஞ்சா வாயும் நல்லதா பேசும்."

யோப்ஸ்ட் ஓடினான். முதலில் வீட்டுக்கு. "புள்ள, சாமியார் விருந்து வைக்கிறாராம்!"

"அப்போ ஏன் இங்க நிக்கிற? அவரு மனசு மாறுறதுக்குள்ள போய்யா!"

மறுபடி ஓடினான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கிணற்றடியில் நிற்காமல் ஓடினான். தண்ணீர் எடுத்த பெண்கள்கூட, "என்னடா இது, இன்னைக்கு வேதம் மாறாமலே போறான்" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

"போதகரே, மார்ட்டின் திருநாளுக்கு வாத்து விருந்து. சாமியார் உங்களைக் கூப்பிடுறார்."

ஹார்ட்லீப் போதகர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். நவம்பர் பதினொன்றில் வரும் மார்ட்டின் திருநாள் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதில்லை. லுத்தருக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளும் அதுதான், அதனாலேயே அவருக்கு மார்ட்டின் என்று பெயர். லுத்தரன்காரர்களும் அன்றைக்கு வாத்து அறுக்காமல் விடமாட்டார்கள். போதகர் சுவரில் தொங்கிய பழைய காலண்டரைப் பார்த்தார். விரலால் தொட்டு மறுபடி பார்த்தார். அவர் கண் கலங்கியதுபோல இருந்தது.

"வூனிபால்ட் சாமியாரா கூப்பிட்டார்? அன்னைக்கா? இவ்வளவு இறங்கி வருவார்னு நான் நினைக்கவே இல்லப்பா. கண்டிப்பா வர்றேன்னு சொல்லு."

அவர் கண் ஏன் கலங்கியது என்று யோப்ஸ்ட் யோசிக்கவில்லை. சுவர்தான் அவன் கண்ணில் இருந்தது.

கத்தோலிக்கரின் மார்ட்டின் திருநாள் வந்தது. செவ்வாய்க்கிழமை. சாமியார் வீட்டில் கொழுத்த வாத்து, சிவப்புக் கோஸ், மாவு உருண்டை. சாமியார் புது மேசைவிரிப்பு போட்டார், எதிர் நாற்காலிக்கு மெத்தை போட்டார். யோப்ஸ்ட் கம்பியில் வாத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். நேரம் போயிற்று. வாத்து பொன்னிறமானது, பழுப்பானது, யோசனை செய்வதுபோல் கறுக்க ஆரம்பித்தது.

"போய்ப் பார்த்துட்டு வாடா."

யோப்ஸ்ட் போனான். போதகர் வீட்டு வேலைக்காரி கதவைத் திறந்து, "ஐயா அவங்க அக்காவுக்கு முடியலன்னு பக்கத்து ஊருக்குப் போயிருக்காங்க, திரும்பிவர வாரம் ஆகும்" என்றாள்.

"என்னது? இன்னைக்கு விருந்து இருக்குதே!"

"எனக்கு எதுவும் சொல்லல. வீட்டுல விருந்து இருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

யோப்ஸ்டுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் கலங்க வர்றேன் என்று சொன்ன மனுஷன் ஊரை விட்டே போய்விட்டார். சாமியாரிடம் வந்து சொன்னான். சாமியார் எதிர் நாற்காலியிலிருந்து மெத்தையை எடுத்துத் தன் நாற்காலியில் போட்டுக்கொண்டார். வாத்தைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். மிச்சம் வைக்கவில்லை.

"சமாதானமாம் சமாதானம்" என்றார் எலும்பைப் பார்த்து.

அந்தப் பத்து நாளும் யோப்ஸ்ட் போதகர்மேல் கடுங்கோபத்தில் திரிந்தான். அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஒட்டீலியா கேட்டால், "பெரிய மனுஷங்க பேச்சை நம்பினது என் தப்பு" என்பான்.

பிறகு வெள்ளிக்கிழமை காலை. யோப்ஸ்ட் லுத்தரன்காரர்களுக்காக மணி அடித்துக்கொண்டிருந்தான். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. இன்றைக்கு எதற்காக இந்த மணி என்று சும்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். மார்ட்டின் திருநாளுக்கு.

கயிறு கையிலேயே நின்றுவிட்டது. மேலே மணி தன்போக்கில் ஒரு தடவை அடித்து அடங்கியது.

செவ்வாய்க்கிழமை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

படிகளில் உருண்டு இறங்கி ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது ஹார்ட்லீப் போதகர் கஞ்சி போட்ட புதுக் கழுத்துப்பட்டியோடு சாமியார் வீட்டு வாசலில் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாகக் கதவைத் தட்டிவிட்டிருந்தார். கதவு திறந்தது. சாமியார் கையில் பட்டாணிக் கஞ்சிக் கிண்ணம். வெள்ளிக்கிழமை அல்லவா, கறி கிடையாது.

போதகர் இரண்டு கையையும் விரித்தார். "சாமியாரே! என்னால இன்னும் நம்ப முடியல. வெள்ளிக்கிழமைன்னும் பாக்காம எனக்காக வாத்து வறுக்கிறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் பெரிய மனசு. நான் எங்க ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

சாமியாரின் முகம் சிவப்புக் கோஸ் நிறத்துக்கு வந்தது.

"என்ன சொல்லிட்டீங்க?"

"நீங்க வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டுட்டீங்கன்னு."

"விருந்துக்கு வர்றேன்னு சொல்லி ஊரைவிட்டு ஓடினது ஒண்ணு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை என் வாசல்ல வந்து நின்னு வாத்து கேக்கிறது ஒண்ணு. என் பேரைக் கெடுக்கிறது மூணாவது. நாலாவது ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"நானா ஓடினேன்? இன்னைக்குத்தானே கூப்பிட்டீங்க!"

"நான் கூப்பிட்டது மார்ட்டின் நாளுக்கு!"

"இன்னைக்குத்தானேய்யா மார்ட்டின் நாள்!"

"எந்தப் பஞ்சாங்கத்துல?"

"கர்த்தரோட பஞ்சாங்கத்துல!"

அந்த இடத்தில்தான் யோப்ஸ்ட் மூச்சிரைக்க வந்து நின்றான். இரண்டு பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் பொய் சொல்லியிருக்கலாம். நல்ல பொய்கள் நான்கைந்து அவனிடம் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் அன்றைக்கு என்னவோ ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் கிணத்தடியில நிக்கல" என்றான்.

முதல் தடவையாக, வைலர்ப்ரூக்கின் சாமியாரும் போதகரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"நீயா!"

திங்கட்கிழமை கோவிலின் பின்னறையில் விசாரணை. கோவில்பிள்ளையை வைப்பதும் நீக்குவதும் இரண்டு தரப்பும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். ஆகவே வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யோப்ஸ்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பிரபு கனவு கண்ட சமாதானக் கூட்டம் இதுதான். விஷயம் மட்டும் வேறு.

"இவன் பொறுப்பில்லாதவன்" என்றார் சாமியார்.

"முழுச் சம்மதம்" என்றார் போதகர். "எழுதிக்குங்க."

"கூண்டுல கோழியை வச்சான்."

"கோழியையா?" போதகருக்கு இது புதுச் செய்தி. "பாவசங்கீர்த்தனம் கேக்கிற இடத்துலயா?"

"ரொட்டிக்காரர் மாமியார் பாதிப் பாவத்தை அதுகிட்ட சொல்லிட்டாங்க."

போதகர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "மன்னிச்சிடுங்க. அது... மன்னிப்புக் கொடுத்துச்சா?"

"முட்டை வச்சுது."

போதகரால் தாங்க முடியவில்லை. சாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க மணல் கடிகாரத்துல கை வச்சதும் இவன்தான்" என்று எடுத்துக்கொடுத்தார்.

"அது இவன் வேலையா! நான் என் குரல்தான் வேகமாயிடுச்சுன்னு நினைச்சு ஒரு வருஷம் மெதுவாப் பேசிப் பழகினேனே!"

"வெளியே நின்னு கேட்டிருக்கேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் சாமியார். சொன்ன பிறகு தானே திடுக்கிட்டார்.

யோப்ஸ்ட் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். திட்டுகிறார்களா கொஞ்சுகிறார்களா என்று விளங்கவில்லை. எதுவானாலும் இதுதான் சமயம் என்று தோன்றியது.

"அப்போ சாமி, போதகரே, அந்த நாலு முழச் சுவரு..."

"வாயை மூடுடா" என்றார்கள் இருவரும்.

அவனை நீக்கும் உத்தரவை எழுதி முடித்தார்கள். அழகான கையெழுத்து, ஒரு சொல்லில்கூட வேறுபாடு இல்லை. தேதி மட்டும் பாக்கி. சாமியார் பேனாவை மையில் தொட்டு நவம்பர் இருபத்துநான்கு என்று எழுதப்போனார்.

"பதினாலு" என்றார் போதகர்.

"ரெண்டையும் போட்டுக்கலாம். மேலயும் கீழயும்."

"நல்லது. எது மேல?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் குளிர் ஏறியது. மேலே இருப்பது உண்மையான தேதி, கீழே இருப்பது பொறுத்துக்கொள்ளப்பட்ட தேதி என்று ஒருவர். அப்படியானால் கீழே இருப்பதுதான் அஸ்திவாரம், மேலே இருப்பது பின்னால் வந்த ஓடு என்று மற்றவர். அப்படியானால் நீங்களே அஸ்திவாரமாக இருங்கள் என்று இவர். அதை உங்கள் வாயால் சொல்லவேண்டாம் என்று அவர். கடைசியில் தேதி இல்லாத காகிதத்தை அலமாரியில் போட்டுவிட்டு ஆளுக்கொரு கதவு வழியாகப் போனார்கள். வெளியே பறவைகள் எதுவும் இல்லை, இருந்தாலும் பார்த்தார்கள்.

யோப்ஸ்ட் வீட்டுக்கு வந்தான்.

"வேலை போயிடுச்சா?" என்று கேட்டாள் ஒட்டீலியா.

"தெரியல புள்ள. போயிடுச்சு. ஆனா என்னைக்குப் போச்சுன்னு அவங்களுக்கு எழுத முடியல. அதனால போகலபோல."

"சுவரு?"

"அது பேச்சுல வரல."

"பின்ன இத்தனை நேரம் எதுக்குத்தான் பேசினாங்க?"

"என்னைத் திட்ட. ரொம்ப ஒத்துமையாத் திட்டினாங்க."

அவள் துணியை எடுத்துப் பிழிந்தாள். அது காய்ந்த துணி. அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தினாள். அவன் சமாதானப்படுத்த முயன்றான். குறும்பெல்லாம் செய்து பார்த்தான். ஆறுதல் சொல்ல அவனுக்குத் தெரியாது, அதனால் விறகு பிளந்தான். அந்தக் குளிர்காலம் அவர்கள் வீட்டில் விறகுக்குக் குறைவே இல்லை.

ஜனவரியில் கடும் பனி. ஒரு காலையில் பூசைக்கு மணி அடித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனவன் அப்படியே நின்றான். சுவரில் நாலு முழத்துக்கு ஓர் ஓட்டை. இடுப்பளவுக்குக் கீழேதான் கல் மிச்சம். ஒட்டீலியா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மேல்துணி கிழிந்திருந்தது, விரல் நகங்களில் சுண்ணாம்பு.

"பனியில விழுந்துடுச்சு" என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை.

யோப்ஸ்ட் பார்த்தான். பிடுங்கிய கற்கள் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல். பெரியது கீழே, சிறியது மேலே.

"பனி கல்லை அடுக்கி வைக்குமா?"

"சமமாப் பிரிச்சிருக்கேன். ஆளுக்குப் பாதி. அதுலயும் சண்டை வரவேண்டாம்னு."

யோப்ஸ்டுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது.

பூசை முடிந்ததும் சாமியார் வந்து பார்த்தார். "என்னடா இது?"

"பனி, சாமி."

சாமியார் குவியலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "இந்த வருஷம் பனி நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார்.

போதகர் ஆராதனைக்குப் பிறகு வந்தார். அவர் கற்களைப் பார்க்கவில்லை. சுவர் போனதால் இரண்டு பலகைகளும் முதல் தடவையாக அக்கம்பக்கமாகத் தெரிந்தன. அவர் குனிந்து ஒன்றைப் படித்தார். மற்றதைப் படித்தார். விரலை மடக்கினார்.

"யோப்ஸ்ட், இது... ஒரே நாளா?"

"ஆமா போதகரே. காலையில அவ. சாயந்திரம் அவன்."

போதகர் நிமிர்ந்தார். தொப்பியைப் போட்டுக்கொள்ள மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

ஆனால் சட்டம் சட்டம்தான். இடிந்த சுவரைத் திரும்பக் கட்டவேண்டுமானால் இருவரும் சேர்ந்து பார்த்துச் சொல்லவேண்டும். சில நாள் கழித்துச் சாமியார் யோப்ஸ்டைக் கூப்பிட்டார். "மெழுகுவர்த்தித் திருநாளன்னைக்கு அவரைச் சுவர்கிட்ட வரச்சொல்லு. பாத்து முடிவு பண்ணுவோம்."

யோப்ஸ்ட் இந்தத் தடவை உஷாராக இருந்தான். "சாமி, நம்ம மெழுகுவர்த்தித் திருநாளா, அவங்க மெழுகுவர்த்தித் திருநாளா? என்ன கிழமைன்னு ஒரு வார்த்தை..."

"சொன்னதைப் போய்ச் சொல்லுடா. உனக்குக் கிழமை எதுக்கு?" சாமியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிணற்றடியில் நெடுநேரம் நின்றான். பத்தைக் கூட்டிப் பார்த்தான், கழித்துப் பார்த்தான். தண்ணீர் எடுக்க வந்தவர்கள் இரண்டு குடம் நிரப்பிக்கொண்டு போகும் வரைக்கும் நின்றான். சரியாகச் சொன்னால் சுவர் எழும்பிவிடும். தப்பாகச் சொன்னால் மறுபடி ஊரே இரண்டுபடும். எது சரி, எது தப்பு என்பதே அவனுக்கு இப்போது குழம்பிவிட்டது. கடைசியில், வேலை வேலைதான், சரியாகவே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டு போதகர் வீட்டுக்குப் போனான்.

"போதகரே, மெழுகுவர்த்தித் திருநாளன்னைக்குச் சுவர்கிட்ட வரச்சொன்னார் சாமியார். அதாவது, அவர் கணக்குப்படி பாத்தா உங்க கணக்குல..."

போதகர் கையை உயர்த்தினார். "மெழுகுவர்த்தித் திருநாள். போதும்பா. கேட்டுக்கிட்டேன்."

"இல்ல போதகரே, போன தடவை மாதிரி ஆயிடக்கூடாதுன்னு..."

"யோப்ஸ்ட்" என்றார் போதகர், சுவரில் தொங்கிய பழைய காலண்டரைத் திரும்பியும் பார்க்காமல். "நான் ஒண்ணும் கேக்கலையே?"

சாமியாரின் மெழுகுவர்த்தித் திருநாளன்று சாமியார் வந்து சுவரருகே நின்றார். கொஞ்ச நேரம் நின்று, "அவர் வரல பாரு" என்று பனியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். யோப்ஸ்டை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லவில்லை. முகத்திலும் கோபம் இல்லை. பத்து நாள் கழித்துப் போதகர் வந்தார். அவரும் நின்றார். இரண்டு பலகைக்கும் நடுவில் பனியைக் காலால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, "சாமியார் வரலையா? சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று போனார்.

யோப்ஸ்ட் வாயைத் திறந்தபடி நின்றான். இரண்டு பேரும் அறிவாளிகள். ஒருவருக்கு லத்தீன், ஒருவருக்கு லத்தீனும் கிரேக்கமும். போன தடவை பட்ட பாடு அதற்குள்ளாகவா மறந்துவிட்டது? மறந்துவிட்டதா, இல்லை...

ஒட்டீலியா துறையிலிருந்து வந்து இடிந்த சுவர்மேல் உட்கார்ந்தாள். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். மடியிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிட்டு அவனுக்கு ஒரு துண்டை நீட்டினாள்.

"என்னய்யா முழிக்கிற?"

"ஒண்ணும் புரியல புள்ள. இவங்க ரெண்டு பேரும் சண்டையா, சமாதானமா?"

"உனக்கு எதுக்கு அது? தள்ளி நில்லு, அவன் பலகையை மறைக்கிற."

அவன் தள்ளி நின்றான்.